சுருள்நாளமும் அதனை உள்ளிருந்தே அடைக்கும் முறைகளும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் பழஞ்செய்யுள் ஒன்றனையோ இலக்கண நுட்பம் ஒன்றனையோ விரித்தெழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாமோ கால்நோய் ஒன்றனைப் பற்றி எழுதத் துணிந்தோம். யாம் வைத்தியர் அல்லேம். பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் தராதரப் பத்திரம் ஒன்றே உடையேம். ஆயினும் இப்பொருளை எழுதுதற்கு எமக்கு இருவகை உரிமை உண்டு. இந்நோய் எம் காலிலேயே இருந்தது என்பது ஒன்று. இந்நோய் பற்றி எம்மவரிடையே நிலவும் பேரச்சத்துக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் காரணமாயிருக்கின்றது என்பது மற்றொன்று.

யாம் இக்கல்லூரியிற் பயின்ற காலத்தில் எமக்குக் கணிதம் கற்பித்த பெருந்தகை ஒருவர் கதிரையில் அமர்ந்து கற்பித்ததை யாம் ஒருநாளும் கண்டதில்லை. காலை முதற்பாடந்தொட்டு மாலை மணி அடிக்கும்வரை கரும்பலகையின் முன்னே நிற்பார். நிற்கும்போது இடக்காலை மட்டும் மேடைப் பலகையின் விளிம்பிலே தூக்கி வைத்துக்கொள்வார். அஃது அவருக்குரிய ஓர் அழகு என்றே சிறுவர்களாகிய யாங்கள் நினைத்திருந்தோம். கல்லூரி நாடக விழாவொன்றில் ஒருவன் அவரைப் போல நின்றுகாட்டிக் கைதட்டலும் பெற்றான். அவர் ஓய்வுபெற்றுப் பல்லாண்டு கழிந்தபின் அவர் இல்லத்துக்கு ஒருமுறை சென்றேம். வேட்டியை முழங்கால்வரை மடித்துக் கட்டியபடி திண்ணையில் இருந்தார். அன்றுதான் அக்காலைக் கண்டேம். கணுக்காலின் உட்புறத்தில் உள்ளங்கையகலப் புண். அதனைச் சுற்றிய தோல் காய்ந்த பலாவிலையின் நிறமாகி இறுகியிருந்தது. அதற்கு மேலே, முழங்காலையுங் கடந்து, மண்புழுக்கள் பின்னிக் கிடந்தாற்போல நீலக் குழாய்கள் புடைத்து நெளிந்தன. ஒன்பது ஆண்டுகளாக அப்புண் ஆறுவதும் மீண்டும் உடைவதுமாக இருந்தது என்றார். சத்திரசிகிச்சை செய்துகொள்ளலாமே என்றேம். "தம்பி, நரம்பை எடுத்துவிட்டால் பிறகு நடப்பது எப்படி?" என்று எம்மையே திருப்பிக் கேட்டார். எமக்கு மறுமொழி தெரியவில்லை. அவர் அப்புண்ணோடே காலமானார்.

அன்று கூறமுடியாத மறுமொழியை இன்று கூற முயல்கின்றோம்.

முதற்கண் சொல்லை ஆராய்வோம். எம்மவர் இந்நோயை 'நரம்பு சுருண்டிருக்கின்றது' என்றும் 'நரம்பு முடிச்சு' என்றும் வழங்குவர். நரம்பு என்னுஞ் சொல் பழந்தமிழில் யாழின் தந்தியைக் குறிக்கும். உடலிலே கயிறுபோலவும் நூல்போலவும் ஓடுவனவற்றையும் பொதுவிலே குறிக்கும். இற்றைநாள் உடற்கூற்று நூல்களிலோ, மூளையினின்றும் முண்ணாணினின்றும் செய்தி கொண்டு செல்லும் இழைக்கே அச்சொல் உரியதாயிற்று. அவ்விழையை வெட்டினால் உணர்ச்சி கெடும், அசைவும் கெடும். காலிலே புடைத்து நிற்பது அதுவன்று. அது குருதி ஓடும் குழாய். இதயத்தினின்றும் குருதியைக் கொண்டு செல்லுங் குழாயை நாடி என்றும், இதயத்துக்கு மீட்டுக்கொண்டுவருங் குழாயை நாளம் என்றும் எம் நாட்டுப் பாடநூல்கள் கூறும். நாளம் என்பது உள்ளே துளையுள்ள தண்டு. தாமரைத் தண்டையும் நாளம் என்பர். இதனினும் பொருத்தமான சொல்லைத் தேடிப்பிடித்தல் அரிது. தமிழகத்தார் இதனைச் சிரை என்பர். நோயைச் சுருள்சிரை என்பர். அதனை ஒட்டி யாம் ஈண்டுச் சுருள்நாளம் என்று வழங்குவோம்.

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தல் கூடும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் இருந்து காட்டியவர் அமெரிக்க வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. அத்துணை முன்னரே உடற்கூறு தமிழேறியும், பேச்சு வழக்கிலே நரம்பும் நாளமும் இன்றுவரை பிரிந்தபாடில்லை. இக்குறையிலே எம்போன்ற மொழியாசிரியருக்கும் பங்குண்டு. சொற்பொருள் கற்பிக்கும் யாம் விஞ்ஞான பாடத்துச் சொற்களை எமக்குரியன அல்ல என்று விட்டுவிடுகின்றோம்.

இனி நாளத்தின் தொழிலைக் காண்போம். நாம் நேரே நிற்கும்போது இதயத்துக்கும் கணுக்காலுக்கும் இடையே ஏறக்குறைய நான்கடி உயரம் உண்டு. அவ்வுயரமுள்ள குருதி நிரலின் பாரம் முழுவதும் கணுக்கால் நாளத்தின் மேல் நிற்கும். அசையாது நிற்பவர் ஒருவரின் கணுக்காலில் அவ்வழுத்தம் ஏறக்குறைய 90 மில்லிமீற்றர் இரசம் ஆகும். அவர் நடக்கத் தொடங்கியதும், நலமுள்ள காலாயின், சில அடிகளுள்ளே அது 30 அளவுக்கு இறங்கிவிடும். இதனைச் செய்வது கெண்டைத்தசை. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அத்தசை சுருங்கி, தன்னுள்ளே கிடக்கும் ஆழ்ந்த நாளங்களைப் பிழிந்து குருதியை மேலே தள்ளுகின்றது. தள்ளிய குருதி மீண்டும் கீழே விழாதிருப்பது எதனால்? நாளத்தின் உட்சுவரிலே இவ்விரண்டாக மெல்லிய இதழ்கள் அமைந்திருக்கின்றன. துவிச்சக்கரவண்டிச் சில்லின் வால்வு காற்றை உள்ளே விட்டு வெளியே விடாததுபோல, இவ்விதழ்களும் குருதியை மேலே போகவிடும், கீழே வரவிடா. இவற்றையும் வால்வு என்றே சொல்வோம்.

இத்தாலியிலே பாதுவா நகரில் உடற்கூறு கற்பித்த பப்ரிசியுஸ் என்பார் இவ்வால்வுகளைப் பற்றி 1603இல் ஒரு நூல் வெளியிட்டார். கண்டு வரைந்து காட்டிய அவரே அவற்றின் பயனைச் சரிவர உணர்ந்தாரல்லர். குருதி கைகால்களுக்குப் பெருக்கெடுத்து ஓடித் தேங்காவண்ணம் தணிப்பன அவை என்றே கருதினார். பாதுவாவில் அவரிடம் பயின்ற ஆங்கிலேயராகிய வில்லியம் ஹார்வி, குருதி உடலைச் சுற்றி ஓடுகின்றது என்று 1628இல் நிறுவியபோது இவ்வால்வுகளையே பெருஞ்சான்றாகக் கொண்டார். அவர் செய்து காட்டிய சோதனையை நம் மாணவர் எவரும் செய்து பார்க்கலாம். மேற்கையிலே ஒரு துணியைச் சிறிதுபொழுது அளவாக இறுக்கிக் கட்டினால் முன்கை நாளங்கள் புடைக்கும். அவற்றில் இடையிடையே சிறு கணுக்கள் தோன்றும். அக்கணுக்களே வால்வுகள் இருக்குமிடம். ஒரு கணுவின் கீழே நாளத்தை ஒரு விரலால் அமுக்கிப் பிடித்து, மற்றொரு விரலால் குருதியை அக்கணுவுக்கு மேலே வழித்துவிடுக. இடைப்பட்ட பகுதி வெறுங்குழாயாகத் தட்டையாகிவிடும். மேலேயுள்ள குருதி கணுவைத் தாண்டிக் கீழே வராது. கீழ்விரலை எடுத்ததும் அப்பகுதி கீழிருந்தே நிரம்பும். வினாப்பத்திரத்துக்கு மனனஞ் செய்த நூறு வாக்கியங்கள் செய்யாததை இச்சிறு சோதனை செய்யும்.

காலிலே நாளங்கள் இரு தொகுதியாக உள்ளன. தசைகளுக்குள்ளே ஆழத்தில் ஓடுவன ஒரு தொகுதி. தோலுக்குக் கீழே ஓடுவன மற்றது. காலின் குருதியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை ஆழ்ந்த நாளங்களே மேலே கொண்டு செல்கின்றன. தோலடி நாளங்களுள் தலையாயது, கணுக்காலின் உட்புறத்தில் தொடங்கித் தொடைச்சந்துவரை சென்று அங்கே ஆழ்ந்த நாளத்தோடு கலப்பது. உடம்பிலுள்ள நாளங்களுள் மிக நீண்டது அதுவே. அதனை உட்கால் நெடுநாளம் என்று குறிப்போம்.

இந்நெடுநாளத்தின் சுவர் தளர்ந்தோ, வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொடாது விலகியோ போனால், மேலேறிய குருதி தொடைச்சந்திலிருந்து மீண்டும் கீழே இறங்கும். அதன் பாரத்தால் கீழேயுள்ள அடுத்த வால்வும் விலகும். அதன் பின் அதற்கடுத்ததும். கிளை நாளங்கள் வீங்கி, நீண்டு, இடம் போதாமையால் வளைந்து நெளியும். அந்நெளிவையே நாம் வெளியிற் காண்கின்றோம். கண்ணுக்குத் தெரியும் நெளிவு நோயின் விளைவு. பெரும்பாலும் மூலம் அதற்கு மேலே, தோலுக்கு உள்ளே, கண்ணுக்குத் தெரியாத நேரிய குழாயில் இருக்கும். இதனை மறவாதிருப்பின் பின்னர்க் கூறப்போகும் சிகிச்சை எளிதில் விளங்கும்.

இந்நோய் குடும்பவழி வருவது. முதுமை, உடற்பருமன், பெண்களுக்குக் கருப்பம் தாங்குதல், நெடுநேரம் நின்று செய்யுந் தொழில் ஆகியன அதனை வளர்ப்பன. ஆசிரியர், சிகையலங்கரிப்போர், சமையற்காரர், கடைச் சிப்பந்திகள், வீதியில் நிற்கும் பொலிஸார் எல்லாரும் இவ்வரிசையில் அடங்குவர். பெண்களுக்கே உரிய நோய் என்று கருதுதல் தவறு. ஸ்கொத்லாந்திலே எடின்பரோ நகரில் 18 முதல் 64 வயதுவரையுள்ளோரிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்விலே, ஆண்களில் நூற்றுக்கு 40 பேரிடமும் பெண்களில் நூற்றுக்கு 32 பேரிடமும் பெருநாளச் சுருள்வு காணப்பட்டது. எம் நாட்டு ஆடவர் வேட்டிக்குள்ளும் நீள்காற்சட்டைக்குள்ளும் மறைத்துக்கொள்வதால் இது வெளித்தெரிவதில்லை.

தொடக்கத்தில் மாலைநேரக் கனமும், இரவிலே கெண்டை பிடித்தலும், அரிப்புமே இருக்கும். பின்னர்க் கணுக்கால் வீங்கும். குருதிச் செங்கலங்கள் தோலுக்குட் கசிந்து சிதைய, அவற்றிலுள்ள இரும்பு கபிலநிறக் கறையாக அங்கே தங்கும். தோல் இறுகும். ஈற்றிலே சிறு கீறலும் ஆறாத புண்ணாகும். சுருள்நாளம் உடையார் எல்லாரும் இந்த ஈற்றுப்படிக்கு வருவர் என்று எவரும் அஞ்சவேண்டா. பலர் வாழ்நாள் முழுவதும் முதற்படியிலேயே இருந்துவிடுவர். ஆயின் கறை தோன்றிவிட்டதெனின் காலந்தாழ்த்தலாகாது. எமது நாற்பத்திரண்டாம் வயதில் எம் இடக் கணுக்காலின் உட்புறத்தில் ஒரு காசளவு கபிலநிறக் கறை தோன்றியது. எம் ஆசிரியரின் புண் இருந்த அதே இடம். அன்றிரவு யாம் உறங்கவில்லை.

இந்நோய் புதியதன்று. ஏதென்ஸ் நகரில் அகழ்ந்தெடுத்த கற்சிற்பம் ஒன்றில், ஒருவன் தன்னினும் பெரிய கால் ஒன்றனைக் கட்டிப்பிடித்து நிற்க, அக்காலிலே புடைத்த நாளம் தெளிவாகச் செதுக்கப்பட்டிருக்கின்றது. கி.மு. நாலாம் நூற்றாண்டில், நோய்தீர்க்கும் தெய்வத்துக்கு நேர்த்தியாகக் கொடுக்கப்பட்டது அது. உரோமப் படைத்தலைவன் மாரியுஸ் பற்றிப் புளூட்டார்க் கூறும் செய்தி இன்னும் சுவையுடையது. அவனுக்கு இரு கால்களிலும் சுருள்நாளம் இருந்தது. அக்காலத்தே நோயாளியைக் கட்டிவைத்தே அறுப்பர். அவனோ கட்டவேண்டா என்று மறுத்து, ஒருகாலை நீட்டி, முனகலுமின்றி அறுக்கவிட்டான். வைத்தியர் மற்றக் காலுக்குத் திரும்பியபோது, பெறும் நன்மை படும் நோவுக்கு ஈடாகாது என்று கூறி அக்காலைக் கொடுக்க மறுத்துவிட்டான். வீரனுக்கே இந்நிலை எனின் ஏனையோரைப் பற்றிக் கூறவேண்டுமோ?

மயக்கமருந்து வந்தபின் நோவு தீர்ந்தது. எனினும் முறை பெரிதும் மாறவில்லை. ஜேர்மானியராகிய திரெண்டலென்பேர்க், மேலேயுள்ள நெடுநாளத்தைக் கட்டிவிட்டாற் கீழேயுள்ள சுருள்கள் அடங்கும் என்பதை 1890ஆம் ஆண்டளவிற் காட்டினார். மூலத்தை அடைக்கும் எண்ணம் அவரால் வலுப்பெற்றது. 1907இல் அமெரிக்கராகிய பப்கொக், நாளத்துக்குள்ளே ஒரு கம்பியைச் செலுத்தி, அதன் நுனியிலே நாளத்தைப் பிணைத்து, முழுநீளத்துக்கும் உரித்தெடுக்கும் முறையைக் கண்டார். தொடைச்சந்தில் ஓர் அறுவை, கீழே ஓர் அறுவை, இடையிலே வேரோடு பிடுங்கல். இருபதாம் நூற்றாண்டு முழுவதும் பெரும்பாலும் இதுவே வழக்கு. பயன் தருவதுதான். ஆயினும் தொடை நெடுகக் கன்றிக் கறுக்கும். வாரக்கணக்கில் வீட்டிலிருக்க நேரும். எம் ஆசிரியர் அஞ்சியது இதனையே.

இப்போது அவர் வினாவுக்கு வருவோம். அந்நாளத்தை இழந்தாற் கால் எப்படி இயங்கும்? தோட்டக்காரர் அறிந்த செய்தியால் விளக்குவோம். கிணற்று நீர் பாயும் வாய்க்கால் ஒன்று உடைந்து, நீர் போகவேண்டிய திசைக்கு எதிராகப் பெருகி வரம்பை அழிக்கின்றது எனின், தோட்டக்காரர் என்செய்வர்? உடைந்த வாய்க்காலின் தலைமடையை அடைத்து, நீரை நல்ல வாய்க்காலுக்குத் திருப்புவர். அதனாற் பயிர் வாடாது, நன்மையே அடையும். நெடுநாளம் எதிர்த்திசையில் ஓடத்தொடங்கிய அன்றே பயனற்றதாயிற்று. அது மட்டுமன்று, ஆழ்ந்த நாளம் மேலே கொண்டுசென்ற குருதியைத் திருடிக் கீழே விடுவதால் அதன் வேலையையும் இரட்டிக்கின்றது. அதனை அடைத்தால் ஆழ்ந்த நாளங்களின் சுமை குறையும். இதற்குக் கண்கூடான சான்றும் உண்டு. 1967இல் அமெரிக்காவிலே கிளீவ்லாந்து வைத்தியசாலையில் ஆர்ஜென்ரீனராகிய பவலோரோ என்பார் காலின் நெடுநாளத்தை எடுத்து, அடைபட்ட இதய நாடிக்கு மாற்றுவழியாகப் பொருத்தினார். அதன்பின் உலகெங்கும் எண்ணிறந்தோர் அச்சிகிச்சை பெற்றனர். அவர் காலிலே நீண்ட தழும்பைக் காணலாம். அந்நாளமின்றியே அவர்கள் நடக்கின்றார்களல்லரோ?

ஆயின் ஒரு விலக்கு உண்டு. ஆழ்ந்த நாளத்தில் முன்னொருகால் குருதி உறைந்து அவ்வழி அடைபட்டிருப்பின், தோலடி நாளமே காலுக்கு எஞ்சிய வழியாக இருத்தல் கூடும். நல்ல வாய்க்கால் எது என்று அறியாது மடையை அடைத்தலாகாது. அதனால்தான் இற்றைநாள் வைத்தியர், ஸ்கான் செய்யாமல் இச்சிகிச்சையைத் தொடங்குவதில்லை. செவிக்கெட்டாத நுண்ணொலியால் நாளத்தின் உருவையும் குருதி ஓடுந் திசையையும் ஒருங்கே காட்டுங் கருவி அது. டொப்ளர் ஸ்கான் என்பர். எம்மை ஒரு சிறு படிமேல் நிறுத்தி, காலிலே களிபோன்ற ஒன்றைத் தடவி, கருவியைத் தொடையில் வைத்தபடி கெண்டையைக் கையாற் பிழிந்து விட்டனர். பிழியும்போது திரையிலே ஒரு நிறம், விட்டதும் மறுநிறம். விட்டபின் தோலடி நாளத்தில் எதிரோட்டம் அரைச் செக்கனுக்கு மேல் நீடித்தால் வால்வு பழுது என்பது கணக்கு. எம் காலில் அம்மறுநிறம் திரையை விட்டு நீங்கவேயில்லை என்று தோன்றிற்று.

உரித்தெடுப்பதற்கு மாறாக, நாளத்தை இருந்த இடத்திலேயே உள்ளிருந்து சுட்டு அடைத்தல் புதிய முறை. 1999ஆம் ஆண்டை இதன் தொடக்கமாகக் கூறலாம். வானொலி அலைபோன்ற மின்னலையால் வெப்பமூட்டும் முறைக்கு அமெரிக்காவில் அவ்வாண்டே அனுமதி கிடைத்தது. லேசர் ஒளியால் நாளத்தைச் சுடும் முறையை ஸ்பானிய வைத்தியர் கார்லோஸ் போனே அறிவித்ததும் அவ்வாண்டே. இரண்டுக்கும் வெப்பத்தை உண்டாக்கும் வழி வேறு, வினை ஒன்று. எமக்குச் செய்தது மின்னலை முறை. கொழும்பிலே ஒரு தனியார் வைத்தியசாலையில் நடந்தது. செலவு சிறிதன்று, சிக்கனக் கடனுதவிச் சங்கத்திற் கடன்பட்டே கட்டினோம்.

முழு மயக்கம் இல்லை. மேசையிற் கிடத்தி, முழங்காலின் சற்றுக் கீழே ஒரு சிறு விறைப்பூசி இட்டனர். ஸ்கான் திரையைப் பார்த்தபடி நாளத்தினுள் ஊசி ஒன்றைச் செலுத்தி, அதன் வழியே மெல்லிய குழாய் ஒன்றைத் தொடைச்சந்துவரை ஏற்றினர். குழாயின் நுனி ஆழ்ந்த நாளத்தைத் தொடலாகாது. நாளங்கள் கூடுமிடத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர் இப்பால் அது நிறுத்தப்படும். அடுத்ததே இச்சிகிச்சையின் உயிர்நிலை. உப்புநீரிலே விறைப்பு மருந்தை மிக ஐதாகக் கலந்து, நாளத்தைச் சுற்றி நெடுகப் பல இடங்களில் ஏற்றுவர். 1987இல் கலிபோணியாவைச் சேர்ந்த தோல் வைத்தியர் ஜெப்ரி கிளைன் கொழுப்பை உறிஞ்சும் சிகிச்சைக்காக வெளியிட்ட உபாயம் இது. இந்நீர் மூன்று தொழில் செய்யும்: நோவை நீக்கும், நாளத்தை அமுக்கிக் குழாயோடு ஒட்டச்செய்யும், சூடு தசைக்கும் தோலுக்கும் நரம்புக்கும் பரவாமல் இடையில் நின்று ஏற்கும். நோவு என்று கூறத்தக்கது இவ்வூசிகளே. தேனீ பலமுறை கொட்டினாற்போல இருந்தது. பின்னர் மின்னலையைச் செலுத்தினர். 120 பாகை செல்சியஸ் வெப்பம், ஏழு சென்ரிமீற்றர் நீளத் துண்டுக்கு இருபது செக்கன். அப்பாற் குழாயைச் சிறிது பின்னிழுத்து அடுத்த துண்டு. தொடையிலே மெல்லிய இளஞ்சூடு ஒன்றையே உணர்ந்தேம். முடிந்ததும் இறுக்கக் காலுறையை மாட்டி, எழுந்து நடவுங்கள் என்றனர். நடந்தேம். தையல் ஒன்றும் இல்லை.

சுடப்பட்ட நாளம் சுருங்கி, நார்போலாகி, மாதங்கள் செல்ல உடலாலேயே உறிஞ்சப்படும். முதல் இரு வாரம் தொடையின் உட்புறம் கயிறொன்று இழுப்பதுபோல இருந்தது, அங்கங்கே கன்றியுமிருந்தது. மூன்றாம் நாள் வகுப்புக்குச் சென்றோம். ஈண்டு நரம்புபற்றி ஒன்று கூறவேண்டும். முழங்காலின் கீழே நெடுநாளத்தை ஒட்டி உண்மையான நரம்பு ஒன்று ஓடுகின்றது. சூடு அதனைத் தீண்டினால் உட்காலிலே மரமரப்பு உண்டாகும். ஆதலாற் பெரும்பாலும் முழங்காலுக்கு அண்மையிலேயே சுடுதலை நிறுத்திக்கொள்வர். எம் ஆசிரியர் அஞ்சிய நரம்பு கற்பனையன்று. அது வேறிடத்தில் இருந்தது, அவ்வளவே. அதுவும் தோலின் உணர்ச்சிக்குரியது, நடையைக் கெடுப்பதன்று.

மூலத்தை அடைத்தபின்னும் சில நெளிவுகள் எஞ்சும். அவற்றை இரண்டொரு மில்லிமீற்றர் துளை வழியே சிறு கொக்கியால் வெளியே இழுத்து எடுப்பர். சுவிற்சர்லாந்தின் நியூசாட்டல் நகரத்துத் தோல் வைத்தியர் முல்லர் 1950களில் இதனை வகுத்தார். மற்றொரு வழி நுரை. நாளத்தின் உட்சுவரைப் புண்ணாக்கி ஒட்டச்செய்யும் மருந்தை நீராகவே ஏற்றினாற் குருதி அதனைக் கரைத்துக் கொண்டுபோய்விடும். நுரையாக ஏற்றினால் நுரை குருதியை ஒதுக்கிச் சுவரைப் பற்றும். இத்தாலியராகிய தெசாரி, இரண்டு ஊசிக்குழல்களை இணைத்து மருந்தையும் காற்றையும் அங்குமிங்கும் தள்ளி நுரையாக்கும் எளிய முறையை 2000ஆம் ஆண்டளவில் வெளியிட்டார். நுரைக்குச் செலவு குறைவு. நெளிந்த நாளத்துக்கும் முதியோருக்கும் ஏற்றது. ஆயின் தோலிலே கபிலநிறக் கோடு தங்கலாம். சிலருக்குச் சிறிதுபொழுது பார்வை மங்கலாம். அடைத்த நாளம் மீளத் திறப்பதும் இதில் மிகுதி. இன்னொன்று பசை. ஈரம்பட்டதும் ஒட்டும் கடைப் பசையின் இனத்தைச் சேர்ந்த மருந்துப்பசையை நாளத்துட் சிறிது சிறிதாக இட்டு அமுக்குவர். அமெரிக்காவில் 2015இல் இதற்கு அனுமதி கிடைத்தது. நெடுக ஊசிபோட வேண்டியதில்லை. ஆயினும் பசை உடலிலேயே தங்கும். ஒவ்வாமையால் அவ்வழியே சிவந்து தடிப்போரும் உளர்.

இம்முறைகளுள் எது சிறந்தது? பிரித்தானியாவில் 798 நோயாளரை லேசர், நுரை, பழைய சத்திரசிகிச்சை என வகுத்துச் செய்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2019இல் வெளிவந்தது. லேசரும் சத்திரசிகிச்சையும் பெற்றோர் நுரை பெற்றோரினும் நலமாக இருந்தனர். ஆகவே பழைய முறை பிழையன்று. புதியது அதே பயனைக் குறைந்த துன்பத்தோடு தருகின்றது என்பதே நேரிய கூற்று. பிரித்தானிய அரசின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2013இல், முதலில் வெப்பமுறை, அது பொருந்தாவிடின் நுரை, அதுவும் பொருந்தாவிடின் சத்திரசிகிச்சை என்று வரிசை கூறியது. இறுக்கக் காலுறையை மட்டும் அணிந்திருத்தல், வேறு சிகிச்சை பொருந்தாதவர்க்கே என்றும் கூறியது. காலுறை வீக்கத்தை வடிக்கும். பழுதான வால்வைத் திருத்தாது.

எம்மை மிகவும் நெகிழ்த்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஆறாப்புண்ணுடைய 450 பேரை இரு பிரிவாக்கினர். இரு பிரிவினருக்கும் இறுக்கக் கட்டு உண்டு. ஒரு பிரிவினருக்குப் பழுதான நாளத்தை இரு வாரத்துள் அடைத்தனர். மறுபிரிவினருக்குப் புண் ஆறியபின் அல்லது ஆறு மாதம் கழிந்தபின் அடைக்கக் கருதினர். முன்னையோரின் புண் ஆற எடுத்த நடுத்தரக் காலம் 56 நாள். பின்னையோருக்கு 82 நாள். ஒன்பது ஆண்டு புண்ணோடு இருந்த ஒருவரை எண்ணிக்கொண்டே இவ்வெண்களைப் படித்தோம்.

இனி எச்சரிக்கை சில. கருப்பவதிகளுக்கு இச்சிகிச்சை பொதுவாகச் செய்வதில்லை. மகப்பேற்றின் பின் நாளங்கள் பெரிதும் அடங்குவதும் உண்டு. நீரிழிவுடையார், புகைப்போர் ஆகியோரின் கால் நாடிகள் ஒடுங்கியிருத்தல் கூடும். அத்தகையோர் வைத்தியர் சோதியாமல் தாமாகவே இறுக்கக் கட்டோ காலுறையோ போடலாகாது. போட்டாற் குருதி செல்லாது கால் அழுகும். திடீரென ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் அஃது ஆழ்ந்த நாளத்துக் குருதியுறைவாக இருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குச் செல்க. சுருள்நாளம் உடைந்து குருதி பீறிட்டால் பலர் பதறி எழுந்து ஓடுவர், அல்லது கதிரையில் இருந்தபடி தொடையிலே கயிறு கட்டுவர். இரண்டும் தீது. உடனே படுத்து, காலை இதயத்துக்கு மேலாக உயர்த்தி, உடைந்த இடத்தைச் சுத்தமான துணியால் விடாது அமுக்கிப் பிடித்தல் வேண்டும். இவ்வெளிய செயலை அறியாமல் உயிரிழந்தோரும் உளர். எம் வகுப்பு மாணவருக்கு இதனை ஒருநாள் மேசைமேற் படுத்தே செய்துகாட்டினோம்.

சிகிச்சை பெற்றோருக்கு மீண்டும் வராது என்று எவரும் உறுதி கூறார். குடும்பவழி வந்த தளர்ச்சி ஏனைய நாளங்களில் இருக்கவே செய்யும்; சில ஆண்டுகளின் பின் புதிய நெளிவு தோன்றலாம். அப்போதும் இச்சிறு சிகிச்சையை மீளச் செய்தல் கூடும்.

எமது இடக்காலுக்குச் சிகிச்சை நடந்து ஓராண்டாகின்றது. மாலைக் கனம் இல்லை. கறை சற்று மங்கியதேயன்றி முற்றும் நீங்கவில்லை. வலக்காலின் நெடுநாளத்திலும் எதிரோட்டம் உண்டு என ஸ்கான் காட்டியிருக்கின்றது. மாரியுஸ் கொடுக்க மறுத்த மற்றக் காலை யாம் கொடுக்க இசைந்து, வருகின்ற ஓகஸ்ற் விடுமுறையில் நாள் குறித்திருக்கின்றோம்.